தட்டு தூக்கியவள்

காங் ஷூயூனுக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கண்ணை உறுத்தும். இரும்புக் குழாய்களுக்கு வளைவு செய்கிற தொழிற்சாலையில் முப்பது வருஷம் அளவு பார்த்தவள் அவள். சரியில்லாத வளைவை விரலால் தடவியே ஒதுக்கிவிடுவாள். பிறகு கருவி வைத்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் இருக்கும். ஐம்பது வயதானதும் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதுவும் ஆறு வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுப்படிக் குழாயைத்தான் பார்ப்பாள். அப்பேர்ப்பட்டவள் வாழ்க்கையில் ஒரு பெரிய பிசகு முப்பத்தாறு வருஷமாகக் கிடந்தது. டோவ் வாசலின் ஏட்டில் அவள் பெயர் இல்லை.

டோவ் வாசல் என்பது கால்வாய்க்கு அந்தப் பக்கம், இலந்தைத் தோப்பை ஒட்டி இருக்கிற குத்துவரிசைப் பள்ளி. ஆசான் டோவுக்கு எண்பத்து நான்கு வயது. அவருடைய தாத்தாவின் காலத்திலிருந்து ஒரே முற்றம், ஒரே கல்தரை. யார் வேண்டுமானாலும் வந்து பழகலாம், காலையில் நூறு பேர் கூட நிற்பார்கள். ஆனால் பழகுவது வேறு, வாசல் புகுவது வேறு. புக நினைப்பவன் சிவப்புத் தாளில் விண்ணப்பம் எழுதித் தரவேண்டும். ஆசான் சரி என்றால் ஒரு நாள் குறிப்பார்கள். அன்றைக்கு அவன் மண்டியிட்டு ஆசானுக்குத் தேநீர் கொடுப்பான், அவர் குடித்ததும் ஏட்டில் பெயர் ஏறும். அன்றிலிருந்து அவன் அந்த வீட்டுப் பிள்ளை. முதலில் புகுந்தவன் அண்ணன், பிறகு புகுந்தவன் தம்பி. அறுபது வயதுக்காரர் இருபது வயதுப் பையனை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுவது அங்கே தினசரி நடக்கிற காரியம்.

ஷூயூன் பதினாறு வயதில் அங்கே போய்ச் சேர்ந்தாள். இருபதாவது வயதில் சிவப்புத் தாள் கொடுத்தாள். ஆசான் வாங்கிக்கொண்டார், நாளும் குறித்தார்கள். அந்த நாளுக்கு முதல் நாள் ஆசானின் தாயார் கண்ணை மூடிவிட்டார். துக்க வீட்டில் நல்ல காரியம் நடத்துவதில்லை. நாற்பத்தொன்பது நாள் கழியட்டும் என்றார்கள். நாற்பத்தொன்பது நாள் கழிந்தபோது கோதுமை அறுப்பு. அறுப்பு முடிந்ததும் ஷூயூனுக்குக் கல்யாணப் பேச்சு. கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அப்புறம் பிள்ளை பிறக்கட்டும் என்றார்கள். பிள்ளை பிறந்து, வளர்ந்து, தெற்கே வேலைக்குப் போய், அதற்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. அந்த அப்புறம் மட்டும் வரவில்லை.

அவளாகக் கேட்டிருக்கலாம். ஆனால் முற்றத்துச் சுவரில் பள்ளியின் ஐந்து நோக்கங்களைக் கறுப்பு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். உடம்பை உறுதியாக்கு. மெலிந்தவனுக்காக நில். மூத்தவரை மதி. தன்னை முன்னிறுத்தாதே. கற்றதை ஒளிக்காதே. நாலாவதைப் பார்க்கும்போதெல்லாம் ஷூயூனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என் பெயரை எழுதுங்கள் என்று கேட்பதைவிடப் பெரிய முன்னிறுத்தல் என்ன இருக்கிறது? ஐந்தாவதை மட்டும் அவள் ஒரு நாளும் மீறவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நிற்கக் கற்றுக்கொடுத்தாள், காலைத் திருத்தினாள், தோளை இறக்கிவிட்டாள், முழு வரிசையும் சொல்லிக்கொடுத்தாள். அவள் கையில் தேறியவர்கள் ஒவ்வொருவராக வாசல் புகுந்து, ஏட்டுக் கணக்கில் அவளுக்கு மூத்தவர்கள் ஆனார்கள்.

இதில் வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. புதியவன் மண்டியிடும்போது தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு அவனோடு நடந்து வர ஒருவர் வேண்டும். அவனைப் பழக்கியவர்தான் தூக்குவது முறை. ஆக, ஒவ்வொரு முறையும் தட்டு ஷூயூன் கையில்தான். முதல் தடவை ஆசானே, "ஷூயூன், நீ தூக்கு புள்ள" என்றார். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தட்டைத் தூக்கச் சொல்கிறார் என்றால் கணக்கில் வைத்துக்கொண்டார் என்றுதானே அர்த்தம், இன்றைக்கோ நாளைக்கோ எழுதிவிடுவார்கள் என்று நினைத்தாள். அப்படியே முப்பத்தொன்பது தட்டு தூக்கிவிட்டாள்.

"பேரு இல்லன்னா கை காலு ஆடாதா உனக்கு?" என்பான் அவள் புருஷன், இலந்தைப் பழம் பொறுக்கிக்கொண்டே. அவனுக்கு எல்லாமே எளிது.

இந்த வருஷம் வசந்தத்தில் நகரத்துப் பண்பாட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. டோவ் வாசலைப் பரம்பரைக் கலைகளின் பட்டியலில் சேர்க்கப் போகிறார்கள். வாசலில் மாட்ட ஒரு பலகை, இப்போது இருப்பவர்களில் மூத்த சீடருக்குப் பிரதிநிதி என்று ஒரு பட்டம். அதற்குப் பள்ளியின் வரலாறு, நோக்கங்கள், வழக்கங்கள், சீடர்களின் அட்டவணை எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மூத்த சீடர் என்றால் லுவான். தரை ஓடு விற்கிற கடை வைத்திருப்பவன். அவனுக்கு முன்னால் நான்கு பேர் ஏட்டில் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஒருவர் வடகிழக்கே போய்த் தகவலே இல்லை, நாலாவது ஆளான மீ ஆசானோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிப் பேருந்து நிலையத்தில் கழுதைக்கறி ரொட்டி விற்கிறார். ஆக ஐந்தாவது பெயரான லுவான்தான் பெரியண்ணன். பதினெட்டு வயதில் கோணல் முழங்காலோடு வந்து நின்றவனை நிமிர்த்தியவள் ஷூயூன். அந்தக் காலத்தில் அக்கா அக்கா என்று அவள் பின்னாலேயே சுற்றுவான். பெரியண்ணன் ஆன பிறகு, இந்தப் பதினைந்து வருஷமாக, அவளை எப்படியும் கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டான். அலுவலகத்து ஆட்கள் வந்தபோது மட்டும், "இது நம்ம தங்கச்சி, பள்ளிக்கூடத்துலயே கெடக்கும்" என்று அறிமுகம் செய்தான். ஷூயூனுக்குக் காதெல்லாம் எரிந்தது.

எழுதுகிற வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது, கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக. லுவான் முற்றத்தில் நாற்காலி போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள்.

"எழுதுங்க. நம்ம வாசல்ல புகுறவனுக்குத் தட்டு தூக்கி வர்றவரு, ஏட்டுல ஏற்கெனவே பேரு உள்ளவரா இருக்கணும். அவருதான் புதுசா வர்றவனுக்குச் சாட்சி. ஏட்டுல இல்லாத கை தூக்குன தட்டுல இருக்கறது டீ இல்ல, வெறும் வெந்நீர். எப்படி இருக்கு?"

ஷூயூன் பேனாவை நிறுத்தி அவனைப் பார்த்தாள். அவன் மேலே இலந்தை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்கு," என்றாள்.

"அந்த வெந்நீரை விட்றாதீங்க. அதுலதான் ஒரு கெத்து இருக்கு."

"விடமாட்டேன்."

"அடுத்து, ஏட்டுல நாலாவது பேருக்கும் அஞ்சாவது பேருக்கும் நடுவுல ஒரு கட்டம் காலியா இருக்குல்ல, அதையும் எழுதணும். ஆசானோட அம்மா காலமான வருஷம், துக்கத்துக்கு மரியாதையா ஒரு இடத்தை மௌனமா விட்டிருக்கோம். படிக்கறவங்க கண்ணுல தண்ணி வரணும்."

அந்தக் கட்டத்தின் கதையை ஷூயூனே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஏட்டை முதல் தடவை பார்க்கிற எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். முதலில் இந்த விளக்கத்தைச் சொன்னது யார் என்று யாருக்கும் நினைவில்லை. அவளாகவே இருந்தாலும் இருக்கலாம்.

எழுதி முடித்ததும் அட்டவணை மிஞ்சியது. நாற்பத்து மூன்று பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேராகப் புகுந்த தேதி, பிறகு தட்டு தூக்கி அறிமுகம் செய்தவர் யார் என்று ஒரு பத்தி. லுவான் கடையைத் திறக்கப் போய்விட்டான். ஷூயூன் தனியாக உட்கார்ந்து நிரப்பினாள். முதல் நான்கு பேருக்குப் பழைய பெயர்கள். ஐந்தாவதாக லுவான். அறிமுகம் செய்தவர்: காங் ஷூயூன். ஆறாவது, காங் ஷூயூன். ஏழாவது, காங் ஷூயூன். நாற்பத்து மூன்றாவது ஆள் ஒரு சிமெண்ட் வியாபாரி. மூன்றே மாதம் வந்தான், குதிரை நிலையில் தாழ நிற்கச் சொன்னால் நாற்காலி கேட்டான். அவனுக்கும் அதே பெயர்தான். உண்மையைத்தான் எழுதினாள். என்ன ஆகும் என்று தெரியாமல் எழுதினாள் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 

பத்தாம் நாள் அலுவலகத்துப் பெண் போன் செய்தாள்.

"அத்தை, அஞ்சாம் நம்பர்லேர்ந்து நாப்பத்து மூணு வரைக்கும் ஒரே பேரு போட்டிருக்கு. ஆனா அந்தப் பேரு சீடர் பட்டியல்ல இல்ல. விட்டுப் போச்சா?"

"விட்டுப் போகலம்மா. இல்ல."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "அப்போ நீங்களே எழுதியிருக்கிற வழக்கப்படி பாத்தா, முப்பத்தொம்பது பேருக்கும் வெந்நீர்தான் குடுத்திருக்கு."

"அதை நான் என் வாயால எப்படிச் சொல்லுவேன். படிச்ச புள்ள, நீங்களே பாத்துக்குங்க."

மறுநாளே விண்ணப்பம் திரும்பி வந்தது. லுவான் தாளைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தபோது ஷூயூன் புதிதாக வந்த நாலு பேருக்குக் கால் இடைவெளி காட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

பதினைந்து வருஷம் கழித்து அக்கா வந்திருக்கிறாள், என்று நினைத்துக்கொண்டாள் ஷூயூன்.

"தட்டு யாரு தூக்குனதுன்னு கேட்டிருந்தாங்க. எழுதுனேன்."

"என் பேரைப் போட்டிருக்கலாம்ல?"

"உனக்கு நீயேவா தட்டு தூக்கிட்டு வந்த?"

நாலு பேரில் ஒருவன் சிரித்துவிட்டு இருமுவது போல நடித்தான். லுவான் அவளைச் சுவரோரமாகக் கூட்டிப் போனான். குரலை இறக்கி வழிகள் சொன்னான். ஆசானுக்கு வயதாகிவிட்டது, இந்த வருஷம் வாசலை அடைக்கப் போகிறார், அதற்கு முன் கடைசிச் சீடராக ஒருவரை எடுப்பார், அந்த இடத்தை அவளுக்கே வாங்கித் தருகிறேன் என்றான். நாற்பத்து நாலாவது.

"அப்போ சிமெண்டுக்காரன் எனக்கு அண்ணன்."

"ஒரு பேச்சுக்குத்தானே."

"குதிரை நிலையில நிக்கத் தெரியாத அண்ணன்."

"சரி, அது வேணாம். நானே உங்களைச் சீடரா எடுத்துக்கறேன். அடுத்த தலைமுறையில நீங்கதான் முதல் ஆளு. முதல் எடம், யோசிச்சுப் பாருங்க."

அவள் யோசிக்கவில்லை. நிமிர்த்திய முழங்காலை மறுபடி கோணலாக்கிவிடலாமா என்றுதான் ஒரு கணம் தோன்றியது. பேசாமல் திரும்பி ஆசானின் அறையை நோக்கி நடந்தாள். லுவான் பின்னாலேயே ஓடினான்.

ஆசான் ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து பரங்கி விதை கொறித்துக்கொண்டிருந்தார். நாலு எழுத்துக்கு மேல் அவருக்குப் படிக்கத் தெரியாது. ஏட்டை எழுதியதெல்லாம் முதலில் மீ, பிறகு லுவான். லுவான் தன் கணக்குக்கு விஷயத்தைச் சொன்னான். ஷூயூன் நின்றுகொண்டே கேட்டாள்.

"யாரு சொன்னா இவ ஏட்டுல இல்லன்னு?" என்றார் ஆசான்.

"ஏடே சொல்லுது ஆசானே," என்றாள் ஷூயூன்.

"தாளு குடுத்தியே. நான் வாங்குனேனே."

"வாங்குனீங்க. அம்மா தவறிட்டாங்க. டீ குடிக்கல."

"அதுக்கப்புறமும் குடுக்கலயா? தெனமும் நீதானே எனக்கு டீ குடுக்குற."

"அது வேற டீ ஆசானே."

அவர் விதையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் விழித்தார். பிறகு, "நீ யாருன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே," என்றார்.

அந்த ஒரு சொல்தான். தொழிற்சாலையில் ஒரு தடவை நீராவிக் குழாய் வெடித்ததை அவள் பார்த்திருக்கிறாள். இப்போது அவளே அப்படி ஆனாள்.

"எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் யாரும் எழுதல. உங்களுக்குத் தெரியும்னு இவன் எழுதல, இவன் எழுதியிருப்பான்னு நீங்க கேக்கல. தன்னை முன்னிறுத்தாதன்னு சுவத்துல எழுதி வெச்சிருக்கீங்க, நான் ஒருத்திதான் அதைப் படிச்சுத் தொலைச்சேன். முப்பத்தாறு வருஷம். இவங்களுக்கெல்லாம் நிக்கச் சொல்லிக் குடுத்து, குனியச் சொல்லிக் குடுத்து, தட்டையும் தூக்கிக் குடுத்து, கடைசியில இவனுக்கு நான் தங்கச்சியா? நான் பொய் சொல்லல ஆசானே. நான் ஏட்டுல இல்லன்னா இவனும் இல்ல. சிமெண்டும் இல்ல. உங்களுக்கு இருக்கறது நாலே புள்ளைங்க, அதுல மூணு பேரு இல்ல."

அந்த அறையில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. லுவான் சுவரைப் பார்த்தான்.  ஆசான் விதைத் தோலைத் துணியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

"ஞாயித்துக்கெழமை டீ கொண்டா," என்றார் கடைசியில். "தட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். தட்டு தூக்க ஏட்டில் சந்தேகமில்லாமல் பெயர் உள்ள கை வேண்டும். அப்படி உயிரோடு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஒரே ஒரு ஆள்தான். ஆசானின் முகம் சுருங்கியது. "போய்க் கூப்புடு அவனை," என்றார்.

பேருந்து நிலையத்தில் மீ கறியைக் கொத்திக்கொண்டிருந்தார். எழுபது வயதிலும் கத்தி தாளம் தப்பவில்லை. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் இதே நிலையத்தில் ஒரு பயணியை மூன்று பேர் அடித்ததைப் பார்த்து நடுவில் புகுந்தவர் அவர். அந்த மூவரில் ஒருவனுக்குத் தாடை உடைந்துவிட்டது. போய் மன்னிப்புக் கேள் என்றார் ஆசான். மெலிந்தவனுக்காக நிற்கச் சொன்னது நீங்கதானே என்று கேட்டுவிட்டுப் போனவர்தான், திரும்பவில்லை. ஷூயூன் அவரிடம் ரொட்டி வாங்குவது உண்டு. பள்ளியைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

முழுக்கதையும் கேட்டுவிட்டு அவர் கத்தியைத் துடைத்தார்.

"அந்தக் கெழவன் மூஞ்சியில நான் முழிக்கணுமா?"

"எனக்காக வாங்கண்ணே."

"இன்னுமா உன்னை உள்ள விடல?" என்றார். தலையை ஆட்டிக்கொண்டார். "வர்றேன். அங்க நான் பாதியில விட்டுட்டு வந்த வேலையும் ஒண்ணு இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை முற்றம் நிறைந்திருந்தது. வரவேண்டிய முப்பத்தொன்பது பேரில் முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள், அவரவர் இடம் ஆட்டம் கண்டிருந்ததால். சிமெண்டுக்காரன் கறுப்புக் கண்ணாடியோடு ஓரமாக நின்றான். அலுவலகத்துப் பெண்ணும் வந்திருந்தாள். மீ கறி வாசனையோடு, ஏப்ரனைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். ஆசானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நலம் விசாரிக்கவில்லை. "இளைச்சுட்ட" என்றார் ஆசான். "நீங்க இளைக்கல" என்றார் மீ. அதோடு முடிந்தது.

லுவான் ஏட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தான்.

"எந்த எடத்துல எழுதறது? கடைசியில எழுதுனா இன்னைக்குத் தேதி வரும். அப்போ மத்தவங்க எல்லாரும்..." தாளைப் புரட்டினான். "நடுவுல எழுதலாம்னா எடமில்லை. வேணும்னா நாலாவது பேருக்குப் பக்கத்துல, ஓரமா, சின்ன எழுத்துல..."

மீ ஏட்டைத் தன் பக்கம் திருப்பினார். பழைய தாளில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இதை ஏன் இன்னும் நெரப்பல?"

"அது மௌனக் கட்டம்ணே," என்றான் லுவான். "ஆசானோட அம்மா காலமான துக்கத்துக்கு மரியாதையா..."

"எந்த மடையன் சொன்னான்?"

லுவான் ஷூயூனைப் பார்த்தான்.

"நாளு குறிச்சாச்சுன்னு முதல் நாளே கோடு போட்டு வெச்சது நான். அம்மா தவறிட்டாங்க. நாப்பத்தொம்பது நாளு கழிச்சு எழுதிக்கலாம்னு விட்டேன். அதுக்குள்ள நான் போய்ட்டேன். ஷூயூன், இது உன்னோட கட்டம்."

ஷூயூன் குனிந்து பார்த்தாள். அந்தக் கட்டத்தை அவள் எத்தனை பேருக்கு விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள். குரலைத் தாழ்த்தி, தலையைக் குனியச் சொல்லி, ஒரு நிமிஷம் மௌனமாக நிற்க வைத்திருக்கிறாள். பதினைந்து நாளுக்கு முன்னால் நல்ல கையெழுத்தில் அதை அலுவலகத்துக்கும் எழுதி அனுப்பினாள். மில்லிமீட்டர் பிசகைப் பிடிக்கிற கண், தன் பெயரின் அகலத்துக்கு இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே முப்பத்தாறு வருஷம் அதற்கு மரியாதை செய்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதைவிட, யாரையாவது ஓங்கி ஒரு அறை விடவேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

மீ தட்டை எடுத்தார். கத்தி பிடித்த கையானாலும் கோப்பை அசையவில்லை. ஷூயூன் அவருக்குப் பக்கத்தில் நடந்தாள். வலது முழங்கால் இரண்டு வருஷமாக மடங்குவதில்லை, கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டுதான் மண்டியிட முடிந்தது. இருபது வயதில் இதை ஒரு நொடியில் செய்திருப்பாள். கோப்பையை இரண்டு கையாலும் நீட்டினாள். ஆசான் வாங்கி, ஊதி, முழுவதும் குடித்தார். மீ தூரிகையை எடுத்துக் காலிக் கட்டத்தில் அவள் பெயரை எழுதினார். பழைய மங்கல் எழுத்துகளுக்கு நடுவில் அது மட்டும் ஈரமாக, கருகருவென்று இருந்தது. அலுவலகத்துப் பெண் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

ஆசான் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு உதட்டைத் துடைத்தார்.

"இவ்வளவுதானே," என்றார். "நீ அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே புள்ள."

ஷூயூன் அவரைப் பார்த்தாள். சொல்வதற்கு நிறைய இருந்தது. மூத்தவரை மதி என்பது மூன்றாவது நோக்கம். அவள் தரையில் கையை ஊன்றி எழுந்தாள். மீயின் கையிலிருந்த தட்டை வாங்கினாள். சடங்கு முடிந்ததும் தட்டையும் கோப்பையையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்து வைப்பதும் இத்தனை வருஷமாக அவள் வேலைதான். இரண்டு அடி நடந்தாள். பிறகு நின்று, திரும்பி, லுவானிடம் தட்டை நீட்டினாள்.

"கழுவி வை தம்பி."